பிறர் வீட்டுப் பரணில் வைக்கும் பெட்டிக்கு எந்தப் பூட்டு?

ஒரு சிறிய பதிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். அச்சுக்குப் போன புத்தகங்களின் பக்க வடிவமைப்புக் கோப்புகள், பழைய பதிப்புகளின் ஸ்கேன்கள், கணக்குகள், எழுத்தாளர்களின் ஒப்பந்தங்கள், அவற்றுள் வங்கிக் கணக்கு எண்களும் பான் எண்களும் என எல்லாம் சேர்த்து 300 ஜிபி இருக்கும். இவை அலுவலகக் கணினியில் ஒரு படியும், அதே அறையின் பீரோவில் உள்ள ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு படியுமாக இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் தரைத்தள அறைகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரே அறையில் இருக்கும் இரண்டு படிகள் உண்மையில் ஒரே படிதான் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொலைவில் வைத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீயில் அழிந்தபோது, மூலத்தையும் காப்புநகலையும் அந்த வளாகத்திலேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஆகவே ஒரு படி அலுவலகத்தில், ஒரு படி வேறு ஊரில் என்று முடிவாகிறது. வேறு ஊரில் சொந்தமாகக் கணினி வைக்க வசதியில்லாதவர்கள், பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்படும் ஒரு சேவையகத்தில் மாத வாடகைக்கு இடம் எடுக்கிறார்கள்.

அந்த இடம் பிறர் வீட்டுப் பரணைப் போன்றது. அங்கே நம் பெட்டியோடு இன்னும் பலருடைய பெட்டிகளும் இருக்கும். வீட்டுக்காரரிடம் எல்லாக் கதவுகளுக்கும் சாவி இருக்கும். எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகத்தானே அனுப்புகிறோம், அதுவே மறையாக்கம்தானே, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. எஸ்எஸ்ஹெச், கோப்பு வழியில் போகும்போது மட்டுமே அதை மூடி வைக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் கோப்பு திறந்தே கிடக்கிறது. கோப்பு அனுமதிகள் பக்கத்துக் கணக்குக்காரரைத் தடுக்கும், எதையும் திறக்கும் ரூட் அதிகாரம் உள்ள நிர்வாகியைத் தடுக்காது. “எங்கள் வட்டுகள் அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டவை” என்று சேவை நிறுவனங்கள் தரும் உறுதிமொழி, வட்டைக் கழற்றிக்கொண்டு போகும் திருடனுக்கு எதிரானது மட்டுமே. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தச் சாவி அவர்களுடைய நினைவகத்தில்தான் இருக்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது என்பதையும் எழுத்தாளர்களின் வங்கி விவரங்களை வைத்திருப்பவர்கள் நினைவில் கொள்ளலாம்.

எனவே நம் கணினியிலேயே பூட்டி, பூட்டிய பிறகே அனுப்ப வேண்டும். இதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கருவியால் பூட்டுவது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலான ஒப்பீடுகள் “ஏஇஎஸ்-256 என்ற மறையாக்க முறையைப் பயன்படுத்துகிறதா” என்று பார்த்துவிட்டு நின்றுவிடுகின்றன. இங்கே பேசப்போகும் கருவிகள் எல்லாமே அந்த அளவுக்கு வலுவான முறைகளைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் அந்தக் கேள்வி எதையும் தீர்மானிக்காது. தீர்மானிப்பது வேறொன்று: காப்புநகல் என்பது ஒருமுறை அனுப்பிவிட்டு மறந்துவிடும் பொருள் அன்று, ஒவ்வோர் இரவும் புதுப்பிக்கப்படுவது. ஆகவே சேவையகத்தில் இருப்பவர் நம் பெட்டியை ஒருமுறை பார்ப்பவர் அல்லர், நாள்தோறும் பார்ப்பவர். நேற்றைய நிலையையும் இன்றைய நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர். நேற்றையதைத் திரும்ப வைத்து இன்றையது என்று நம்மிடம் நீட்டக்கூடியவர். வேண்டுமென்றால் மொத்தத்தையும் அழித்துவிடக்கூடியவர்.

இந்த வேறுபாடு வெறும் கற்பனை அன்று. கோப்புறையை மறையாக்கம் செய்யும் என்க்எஃப்எஸ் என்ற கருவி ஒரு காலத்தில் லினக்ஸ் பயனர்களிடம் மிகப் பரவலாக இருந்தது. 2014இல் பாதுகாப்பு ஆய்வாளர் டெய்லர் ஹார்ன்பி அதைத் தணிக்கை செய்து எழுதிய அறிக்கையின் சாரம் இதுதான்: எதிராளிக்கு மறையாக்கப்பட்ட கோப்புறையின் ஒரே ஒரு படி மட்டும் கிடைத்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை, வெவ்வேறு நேரங்களில் எடுத்த இரண்டு படிகள் கிடைத்தால் பாதுகாப்பு நிற்காது. தொலைந்துபோகும் மடிக்கணினிக்கு ஏற்ற பூட்டு, நாள்தோறும் கண்முன் இருக்கும் பெட்டிக்கு ஏற்றதாக இல்லை. இன்றும் பழைய வழிகாட்டிகளில் என்க்எஃப்எஸ்ஸை, கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் ஆர்சிங்க் கருவியோடு சேர்த்துப் பயன்படுத்தும் குறிப்புகள் கிடைக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

லினக்ஸின் வட்டு மறையாக்க ஏற்பாடான லக்ஸ் முறையில் ஒரு பெரிய கொள்கலன் கோப்பை உருவாக்கி, அதைத் தொலைச் சேவையகத்தில் வைத்து, தொலைக் கோப்புறையை இங்கே இருப்பதுபோல் காட்டும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் வழியாக இங்கிருந்தே திறந்து எழுதுவதையும் நீண்ட நேரம் கருத்தில் கொள்ள வேண்டியதில்லை. சாவி நம்மிடமே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வட்டு மறையாக்கத்தில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்டிஎஸ் முறை, உள்ளடக்கத்தை யாராவது மாற்றினால் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது. எழுதிக்கொண்டிருக்கும்போது இணையம் அறுந்தால் கொள்கலனுக்குள் இருக்கும் கோப்பு முறைமையே சிதையலாம். சேவையகத்திலேயே கொள்கலனைத் திறப்பது இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது கடவுச்சொல்லையும் நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம்.

எளிமையிலிருந்து தொடங்குவோம். எல்லாவற்றையும் டார் என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டி, ஜிபிஜி என்ற கருவியால் மறையாக்கம் செய்து அனுப்புவது பழைய, நேர்மையான முறை. பத்தாண்டுகள் கழித்தும் எந்த லினக்ஸ் கணினியிலும் திறக்கலாம். நாள்தோறும் பார்ப்பவருக்கு மொத்த அளவைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனால் 300 ஜிபியை 20 எம்பிபிஎஸ் ஏற்ற வேகத்தில் அனுப்ப 33 மணி நேரம் ஆகும். அதை ஒவ்வோர் இரவும் செய்ய முடியாது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் இங்கே உதவாது, ஏனென்றால் ஜிபிஜி ஒவ்வொரு முறையும் புதிய தற்காலிகச் சாவியைப் பயன்படுத்துவதால், ஒரு காற்புள்ளி மாறினாலும் மாறாவிட்டாலும் வெளிவரும் கோப்பு முழுக்க வேறாகவே இருக்கும். நல்ல மறையாக்கத்தின் இலக்கணமே அதுதான். மாறியதை மட்டும் அனுப்ப வேண்டும், ஆனால் எது மாறியது என்று தெரியக்கூடாது என்ற இந்த முரண்பாட்டை ஒவ்வொரு கருவியும் எப்படிக் கையாள்கிறது என்பதே இனி வரும் ஒப்பீட்டின் மையம்.

டூப்ளிசிட்டி என்ற காப்புநகல் கருவி அந்த முரண்பாட்டை நம் பக்கத்திலேயே தீர்த்துக்கொள்கிறது. எது மாறியது என்பதை லிப்ஆர்சிங்க் என்ற நிரல் நூலகத்தின் துணையோடு இங்கேயே கணக்கிட்டு, வேறுபாடுகளை மட்டும் டார் தொகுதிகளாக்கி, ஜிபிஜியால் பூட்டி அனுப்புகிறது. சேவையகத்தில் எந்த மென்பொருளும் தேவையில்லை. நாள்தோறும் பார்ப்பவருக்கு இன்றிரவு எத்தனை எம்பி வந்தது என்பது மட்டுமே தெரியும். மறைவு என்ற ஓர் அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் நாம் பேசும் கருவிகளில் முதலிடம் இதற்குத்தான். இதில் இன்னொரு அரிய வசதியும் உண்டு: பொதுச்சாவி முறை. காப்புநகல் எடுக்கும் கணினியில் பூட்டும் சாவி மட்டும் இருந்தால் போதும். திறக்கும் சாவியை எங்கோ பத்திரமாக வைத்துவிடலாம். அந்தக் கணினிக்குள் ஒருவர் புகுந்தாலும் பழைய காப்புநகல்களைப் படிக்க முடியாது. இணையத்தின் முகப்பில் நிற்கும் வலைச் சேவையகம் போன்றவற்றுக்கு இது பெரிய ஆறுதல்.

அதன் விலை மீட்கும் நாளில் தெரியும். முதலில் ஒரு முழு நகல், அதன்மேல் ஒவ்வொரு நாளின் வேறுபாடு என்று சங்கிலியாகப் போவதால், இருபதாம் நாளின் நிலையை மீட்க இடையிலுள்ள கண்ணிகள் அனைத்தும் பழுதின்றி இருக்க வேண்டும். சங்கிலி நீளாமல் இருக்க மாதத்துக்கு ஒருமுறையாவது முழு நகல் எடுக்கச் சொல்கிறார்கள். அந்த மாதாந்திர 33 மணி நேரம் மறுபடியும் வந்து நிற்கிறது. 5 ஜிபி கணக்குத் தரவுக்கு டூப்ளிசிட்டி அருமையான கருவி. ஸ்கேன் படங்கள் நிறைந்த 300 ஜிபிக்கு அது தண்டனை.

ஆர்சிங்க்கை விட மனமில்லாதவர்களுக்கு கோக்ரிப்ட்எஃப்எஸ் இருக்கிறது. என்க்எஃப்எஸ்ஸின் குறைகளை அறிந்து எழுதப்பட்ட கருவி இது. 2017இல் இதையும் அதே ஹார்ன்பிதான் தணிக்கை செய்தார். இதன் தலைகீழ் முறையில், நம் வட்டில் கோப்புகள் சாதாரணமாகவே இருக்க, அவற்றின் மறையாக்கப்பட்ட தோற்றம் ஒன்று தனிக் கோப்புறையாகத் தெரியும். அந்தத் தோற்றத்தை ஆர்சிங்க்கால் அனுப்பிவிடலாம். மாறாத கோப்பு மறையாக்கத்திலும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இம்முறையில் ஏஇஎஸ்-எஸ்ஐவி பயன்படுகிறது: அதே உள்ளீட்டுக்கு அதே வெளியீடு. மாறியதை மட்டும் அனுப்பும் வசதி இதனால் கிடைக்கிறது. ஆனால் நாள்தோறும் பார்ப்பவருக்கு எத்தனை கோப்புகள், ஒவ்வொன்றும் என்ன அளவு, எந்தக் கோப்புறைக்குள் எத்தனை, எந்தக் கோப்பின் எந்த 4 கிலோபைட் பகுதி நேற்று மாறியது என்பனவெல்லாம் தெரியும்; பெயரும் உள்ளடக்கமும்தான் தெரியாது. ஒரு பதிப்பகத்துக்கு இது பெரிய கேடு இல்லை என்று வாதிடலாம். மார்ச் மாதக் கடைசியில் எந்தக் கோப்புறை பரபரப்பாகிறது என்று பார்த்து அது கணக்குப் பிரிவு என்று ஒருவர் ஊகித்தால்தான் என்ன? ஒரு வழக்கறிஞருக்கோ மருத்துவருக்கோ அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. தவிர, இது நம் கோப்புகளின் கண்ணாடிப் பிம்பமே தவிர வரலாறு அன்று. போன வாரத்து நிலை வேண்டுமென்றால் சேவையகம் அவ்வப்போதைய நிலையைப் படம்பிடித்ததுபோல் காக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

மேகச் சேமிப்பகங்களுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்க்ளோன் கருவியின் கிரிப்ட் என்ற மறையாக்க அடுக்கு இதற்கு அண்டை வீட்டுக்காரர். கூகுள் டிரைவ், அமேசானின் எஸ்3 போன்ற இடங்களுக்கு அனுப்ப இதைவிட வசதியானது இல்லை. ஒவ்வொரு கோப்பும் எக்ஸ்சல்சா20, பாலி1305 என்ற முறைகளின் இணையால் 64 கிலோபைட் பகுதிகளாகப் பூட்டப்படுகிறது, பெயர்களும் மறைக்கப்படுகின்றன, கோப்பு அளவுகள் இங்கேயும் வெளியே தெரியும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முழுக் கோப்பும் மறுபடி ஏற்றப்படும். அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் குழப்பி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து அது பூட்டப்பட்டிருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. அமைப்புக் கோப்புக்கே தனியாகக் கடவுச்சொல் வைக்காதவரை, அந்தக் கோப்பு கையில் கிடைத்தவர் யாரும் அதை அவிழ்த்துவிடலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பெரும்பாலான லினக்ஸ் வட்டுகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். பெயரை மறையாக்கம் செய்து எழுத்துகளாக மாற்றும்போது அது நீளும் என்பதால், ஆர்க்ளோனின் இயல்பான அமைப்பில் மூலப்பெயர் 143 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் உட்பட ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். “பதிப்புரிமை ஒப்பந்தம்” என்ற பெயரே 61 பைட் ஆகிவிடுகிறது; அதனோடு நூலின் பெயரும் ஆசிரியரின் பெயரும் ஆண்டும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும், அந்தக் கோப்பு மட்டும் பிழைச்செய்தியோடு விடுபட்டுப்போகும். கோக்ரிப்ட்எஃப்எஸ் நீண்ட பெயர்களைத் தனிக் கோப்பில் எழுதி இதைச் சமாளிக்கிறது. அடுத்து வரும் இரண்டு கருவிகளில் இந்தச் சிக்கலே எழாது, ஏனென்றால் அவற்றில் பெயர்களும் உள்ளடக்கத்தோடு சேர்ந்து உள்ளே போய்விடுகின்றன.

அந்த இரண்டு போர்க், ரெஸ்டிக். போர்க், ஆட்டிக் என்ற பழைய கருவியிலிருந்து 2015இல் கிளைத்தது, பைத்தானில் எழுதப்பட்டது. ரெஸ்டிக் ஏறத்தாழ அதே காலத்தில் கோ மொழியில் எழுதப்பட்டது. இரண்டின் அடிப்படை எண்ணமும் ஒன்றே. கோப்புகளை உள்ளடக்கத்தைப் பார்த்துச் சராசரியாக ஒன்றிரண்டு எம்பி அளவுள்ள துண்டுகளாக வெட்டி, முன்பே சேமித்த துண்டை மறுபடி சேமிக்காமல், புதிய துண்டுகளை மட்டும் பூட்டி அனுப்புகின்றன. ஒரே ஸ்கேன் மூன்று கோப்புறைகளில் கிடந்தாலும் ஒருமுறைதான் போகும். ஒவ்வொரு நாளின் நிலையும் தனித்து நிற்பதால் டூப்ளிசிட்டியின் சங்கிலி இங்கே இல்லை. முழு நகல் என்ற மாதாந்திரத் தண்டனையும் இல்லை. சேவையகத்தில் இருப்பவருக்குத் தெரிவது, கோப்புகளின் எல்லை தெரியாமல் கட்டப்பட்ட பெரிய மூட்டைகள் மட்டுமே.

மட்டுமே என்று எழுதிவிட்டு ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. துண்டுகள் எங்கே வெட்டப்படுகின்றன என்பது உள்ளடக்கத்தைப் பொறுத்தது என்பதால், துண்டுகளின் அளவு வரிசையே ஒரு கைரேகையாகிவிடலாம். இதைத் தடுக்க இரண்டு கருவிகளும், காப்புநகல்கள் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் வெட்டும் விதியில் ஒரு ரகசிய எண்ணைக் கலக்கின்றன. 2025இல் காலின் பெர்சிவல் உள்ளிட்ட மூவர் வெளியிட்ட ஆய்வு, எதிராளிக்குத் தெரிந்த சில கோப்புகள் காப்புநகலுக்குள் இருந்தால் அந்த ரகசியத்தையும் கணக்கிட்டுவிட வழியுண்டு என்று காட்டியது. அதன் பிறகு, குறிப்பிட்ட ஒரு கோப்பு நம்மிடம் இருக்கிறதா என்று சோதிக்கலாம். உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. தடைசெய்யப்பட்ட ஆவணத்தை வைத்திருக்கும் செய்தியாளருக்கு இது கவலைக்குரியது. பதிப்பகத்துக்கு இல்லை என்பது என் கணிப்பு. பெர்சிவல் இந்தத் துறைக்குப் புதியவர் அல்லர். டார்ஸ்நாப் என்ற காப்புநகல் சேவையை நடத்துபவர். அதற்காக 2009இல் அவர் உருவாக்கிய கடவுச்சொல்லிலிருந்து சாவியை உருவாக்கும் எஸ்கிரிப்ட் என்ற முறையைத்தான் ரெஸ்டிக்கும் ஆர்க்ளோனும் இன்று பயன்படுத்துகின்றன. டார்ஸ்நாப்பையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், அது அவருடைய சேமிப்பகத்தோடு மட்டுமே இயங்கும். ஒரு பைட்டுக்கு மாதம் 250 பிக்கோ டாலர் என்று வேடிக்கையாகக் குறிக்கப்படும் கட்டணம் 300 ஜிபிக்கு மாதம் 75 டாலராகிறது.

பெர்சிவலின் இன்னோர் அனுபவமும் இங்கே பொருந்தும். போர்க், ரெஸ்டிக், டார்ஸ்நாப் மூன்றும் ஏஇஎஸ்ஸை சிடிஆர் முறையில் பயன்படுத்துகின்றன. அம்முறையில் ஓர் எண்ணி (கவுண்டர்) ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரே எண் இரண்டு முறை பயன்பட்டால், பூட்டிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று கழித்து உள்ளே இருப்பதன் வேறுபாட்டை அறிந்துவிடலாம். 2011இல், நிரலைத் திருத்தி எழுதும்போது அந்த எண்ணியைக் கூட்டும் ஒரு சிறு செயல் விடுபட்டுப்போனதை பெர்சிவல் தாமே வெளிப்படையாக அறிவித்தார். குறியாக்கவியலில் தேர்ந்த ஒருவருக்கே நேர்ந்தது அது. போர்க்கின் இன்றைய பயன்பாட்டு வரிசையான 1ஆம் தலைமுறையில் இந்த எண்ணியின் நிலை சேவையகத்தோடும் தொடர்புடையது; அதனால் பல கணினிகள் ஒரே களஞ்சியத்தில் எழுதினால், வஞ்சகமான சேவையகம் ஒரே எண்ணை இருவருக்கும் கொடுத்து ஏமாற்ற முடியும் என்று போர்க்கின் ஆவணமே எச்சரிக்கிறது. கணினிக்கு ஒரு களஞ்சியம் என்று பிரித்துவிட்டால் இந்தக் கதவு அடைபடும். ரெஸ்டிக் ஒவ்வொரு துண்டுக்கும் தற்செயலான எண்ணைத் தேர்ந்துகொள்வதால் பல கணினிகள் ஒரே களஞ்சியத்தைப் பகிரலாம். மூவர் வேலை செய்யும் அலுவலகத்தில், மூவரிடமும் உள்ள ஒரே ஸ்கேன்கள் ஒருமுறை மட்டுமே சேமிக்கப்படுவது சிறிய ஆதாயம் அன்று.

பழைய நிலையைத் திரும்ப வைத்து ஏமாற்றுவதைக் கண்டறிவதில் போர்க் ஒரு படி முன்னே நிற்கிறது. கடைசியாகப் பார்த்த நிலையின் நேரத்தை அது நம் கணினியில் குறித்துவைத்துக்கொண்டு, அதைவிடப் பழைய களஞ்சியம் எதிரே வந்தால் மறுத்துவிடுகிறது. ரெஸ்டிக்கில் ஸ்னாப்ஷாட் பட்டியலை நாமே அவ்வப்போது பார்த்து, நேற்றைய தேதி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். போர்க்கும் பழுதற்றது அன்று: காப்பகங்களைப் போலியாகச் செருக இடம்கொடுத்த ஒரு குறை 2023இல் 1.2.5 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. பழைய பதிப்பிலிருந்து வருபவர்கள் மேம்படுத்தும் குறிப்புகளைப் படித்துச் செய்ய வேண்டும்.

இதுவரை பேசியது படிப்பதும் மாற்றுவதும். அழிப்பதை எந்த மறையாக்கமும் தடுக்காது. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் மேகச் சேவைக் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் புகுந்தவர், மூலத்தோடு காப்புநகல்களையும் அழித்தார். நிறுவனம் அதோடு மூடப்பட்டது. நம் நிலைமையிலும் பெரிய ஆபத்து சேவையக நிர்வாகியிடமிருந்து வருவதைவிட, நம் அலுவலகக் கணினிக்குள் புகும் பணயத் தீநிரலிடமிருந்து (ரான்சம்வேர்) வருவதற்கே வாய்ப்பு அதிகம். காப்புநகல் எடுக்கும் கணினியிடம் அதை அழிக்கும் அதிகாரமும் இருக்கிறது அல்லவா? போர்க்கில் இதற்குச் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறை உண்டு: அலுவலகக் கணினியின் எஸ்எஸ்ஹெச் சாவியைச் சேவையகத்தில் பதியும்போதே, இந்தச் சாவி புதிதாகச் சேர்க்கலாம், நீக்கக் கூடாது என்று கட்டிவிடலாம். ரெஸ்டிக்கில் அதே வசதி அதற்கென்றே உள்ள ரெஸ்ட்-சர்வர் போன்ற மென்பொருள் மறுபக்கம் ஓடினால்தான் கிடைக்கும். பகிர்வுச் சேவையகத்தில் பெரும்பாலும் அதை ஓட்ட விடமாட்டார்கள். எஸ்எஸ்ஹெச் இணைப்பில் கோப்புகளை அனுப்பும் வெறும் எஸ்எஃப்டிபி வழியாகப் போகும்போது, எழுத முடிந்தவருக்கு அழிக்கவும் முடியும்.

ஹெட்ஸ்னரின் ஸ்டோரேஜ் பாக்ஸ், ஆர்சிங்க்.நெட் போன்ற வாடகைச் சேமிப்பகங்கள் போர்க்கைத் தம் பக்கத்தில் நிறுவியே தருகின்றன; இரண்டும் ஸ்னாப்ஷாட் வசதியும் தருகின்றன. அந்த ஸ்னாப்ஷாட்டை அலுவலகக் கணினியால் தொட முடியாது என்பதால், ரெஸ்டிக்கைத் தேர்ந்தவர்களுக்கு அதுவே அழிப்புக்கு எதிரான காப்பு. சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறையிலும் ஒரு நுட்பமான ஓட்டை உண்டு: பழையவற்றைக் களையும் விதியை “கடைசி முப்பதை வைத்துக்கொள்” என்று எழுதியிருந்தால், புகுந்தவர் முப்பது போலி நகல்களைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் போதும், அடுத்த முறை நாம் முழு அதிகாரத்தோடு களையெடுக்கும்போது உண்மையானவற்றை நம் கையாலேயே நீக்கிவிடுவோம். களைவதற்கு முன் பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்க்கும் வேலையை இயந்திரத்திடம் விடக்கூடாது.

சாவிக்கு வருவோம். போர்க்கில் வழக்கமாகப் பயன்படும் முறையில், கடவுத்தொடரால், அதாவது பல சொற்களாலான நீண்ட கடவுச்சொல்லால், பூட்டப்பட்ட சாவி சேவையகத்தில் உள்ள களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கும். வேறொரு முறையில் சாவிக்கோப்பு நம் கணினியில் மட்டும் இருக்கும். முதல் முறையில் நிர்வாகி அவசரமில்லாமல் கடவுத்தொடரை ஊகித்துப் பார்க்கலாம். இரண்டாவதில் அது முடியாது, ஆனால் அலுவலகம் எரிந்தால் சாவியும் எரியும். ரெஸ்டிக்கில் முதல் முறை மட்டுமே உண்டு. அதன் எஸ்கிரிப்ட் முறை நினைவகத்தையும் விழுங்குவதால், போர்க் 1 அதே வேலைக்குப் பயன்படுத்தும் பிபிகேடிஎஃப்2 முறையைவிட ஊகிப்பது செலவானது. நான் முதல் முறையையே பரிந்துரைப்பேன், கடவுத்தொடர் நீளமாக இருந்தால். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி எடுத்த ஆறு சொற்கள் 77 பிட் வலிமை தரும், அது போதும். எல்லோருக்கும் தெரிந்த குறளையோ பாடல் வரியையோ வைப்பது பூட்டை மாட்டிவிட்டுச் சாவியை நிலைப்படியில் வைப்பது போன்றது.

கடவுத்தொடரைத் தமிழ் எழுத்திலேயே வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “கொ” என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; பைட்டுகள் வேறு. இன்றைய விசைப்பலகையில் அடித்த கடவுத்தொடர், ஐந்தாண்டு கழித்து வேறொரு விசைப்பலகையில் திறக்காமல் போகலாம். தமிழ் போன்ற எழுத்துகளில் கடவுத்தொடர் கொடுத்தால் போர்க் அதன் பைட்டுகளைப் பதினாறடிமான (ஹெக்ஸ்) வடிவில் காட்டி, அதையும் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். மேலும், வட்டு போன கணினியை மீட்புப் பென்டிரைவில் இயக்கும்போது தமிழ் விசைப்பலகை இருக்கப்போவதில்லை. தமிழ்ச் சொற்களையே ரோமன் எழுத்தில் அடிப்பது இரண்டையும் தீர்க்கும்.

திறந்து பார்க்காத காப்புநகல் இல்லாததற்குச் சமம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அவர்கள் வைத்திருந்த ஐந்து வழிகளும் கைகொடுக்கவில்லை என்று அவர்களே எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகலால்தான் மீண்டார்கள். ரெஸ்டிக்கின் சோதனைக் கட்டளை இயல்பாகக் கட்டமைப்பை மட்டுமே பார்க்கும். தரவைப் படித்துப் பார்க்கத் தனியே சொல்ல வேண்டும், அதில் ஒரு பங்கை மட்டும் படிக்கச் சொல்லும் வசதியும் உண்டு. வாரம் ஒரு பங்கு என்று வைத்தால் இணையக் கட்டணம் ஏறாது. போர்க்கிலும் தரவையே சரிபார்க்கும் தெரிவு தனியாகத்தான் இருக்கிறது.

தெரிவு என்ன? நம் பதிப்பகத்தின் கணினிகள் பெரும்பாலும் விண்டோஸில் இயங்குபவை. பக்க வடிவமைப்பு மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. போர்க் விண்டோஸில் நேரடியாக இயங்குவதில்லை. ரெஸ்டிக் ஒரே கோப்பாக வந்து இயங்கும். திறந்திருக்கும் கோப்புகளை விண்டோஸின் நிழற்படி (ஷேடோ காப்பி) வசதி மூலம் எடுக்கவும் தெரிந்தது. ஆகவே, கோப்புகள் அனைத்தும் ஒரு லினக்ஸ் பெட்டியில் வந்து சேரும் அலுவலகமாக இருந்தால் போர்க், சேர்க்க மட்டும் அனுமதிக்கும் சாவியோடு. அப்படி இல்லாவிட்டால் ரெஸ்டிக், நாளுக்கொரு ஸ்னாப்ஷாட் எடுக்கும் சேவையகத்தோடு. வலைத்தளம் ஓடும் இயந்திரத்தின் தரவுத்தளத்துக்கு மட்டும் டூப்ளிசிட்டியின் பொதுச்சாவி. அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப்களின் இன்னொரு படியை வேறொரு நிறுவனத்தின் மேகச் சேமிப்பகத்தில் ஆர்க்ளோனால் வைக்கலாம், கோப்புப் பெயர்களைச் சுருக்கிக்கொண்டு.

முதல் ஏற்றத்தை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால், இடையூறு இல்லாதவரை ஞாயிறு விடியற்காலை மூன்றுக்கு முடியும். இடையில் மின்சாரம் போனால் கலங்க வேண்டாம். போர்க் அரைமணிக்கு ஒருமுறை அடையாளம் வைத்துக்கொண்டே போகிறது, ரெஸ்டிக்கும் முன்பே ஏறிய மூட்டைகளை மறுபடி ஏற்றாது. அந்த நேரத்தில் கடவுத்தொடரையும் சேவையகத்தின் முகவரியையும் சாவியின் அச்சுப்படியையும் ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு, அலுவலகம் இருக்கும் தெருவில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வரலாம்.